பேனரில் திறந்த வாய்

எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர் தணிகாசலத்தை எனக்குப் பிடிக்காது. காரணம் இருக்கிறது, அது தனிக் கதை. ஒருநாள் அவருடைய மாடி அறையின் ஜன்னல் ஏசியில் காற்றுதான் வந்தது, குளிர் வரவில்லை. வாட்ச்மேன் மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"உங்க பிறந்தநாள் பேனரு வெளிய ஏசியோட முதுகை மூடிடுச்சுங்கய்யா. சூடு போக வழியில்ல. கழட்டினா சரியாயிடும்."

"என் படத்தையா? பேனர் கட்டினபடியே இருக்கணும், சாயங்காலத்துக்குள்ள ரூமும் குளிரணும். இல்லேன்னா வேற வேலை தேடிக்க!"

சாயங்காலம் அறை ஜில்லென்று இருந்தது. தலைவர் பெருமையாக உறுப்பினர்களோடு தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். பேனர் கட்டினபடியே இருந்தது. படத்தில் வாய் இருந்த இடத்தில் மட்டும் பெரிய சதுர ஓட்டை. அதிலிருந்து அனல் வீசியது. கடைவாயில் தண்ணீர் சொட்டியது.

"டேய், என்னடா இது?"

"பேனரைக் கழட்டலீங்கய்யா. உங்க வாயை மட்டும் திறந்துவிட்டேன். சூடெல்லாம் வழக்கமா அந்த வழியாத்தானே வரும்?"

உறுப்பினர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சொன்னதைத்தானே செஞ்சிருக்கான், தலைவரே. வேலையை விட்டு எப்படி அனுப்புவீங்க?" என்றார் ஒருவர்.

தலைவர் வாயை மூடிக்கொண்டு, தானே ஏணியில் ஏறிப் பேனரைக் கழற்றினார். மாசிலாமணி பவ்யமாக ஏணியைப் பிடித்துக்கொண்டார்.