அந்தரத்துப் படிக்கட்டு

கொண்டைமலைப் பாளையத்து ராஜா மார்த்தாண்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அபசகுனமாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், சொன்னவனை ஊரைவிட்டே துரத்திவிடுவார். அந்த அரண்மனையில் தும்மல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள்!

அவருக்குப் புது மாடத்துக்கு இரும்பிலேயே படிக்கட்டு வேண்டும் என்று ஆசை. விஜயதசமியன்று ராஜா முன்னே போக, அறுபது பேர் பின்னே, நகரா முரசின் அடிக்கு ஒரே காலாக மிதித்து மேலே ஏறுவது அங்கே வழக்கம். கொல்லாசாரி அழகர் அதற்கேற்பக் கணக்குப் போட்டார். படிகளைத் தாங்க இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குச் சட்டம். படி திரும்புகிற மேடைக்கு அடியில் ஒரு முட்டுக்கால்.

மராமத்து அதிகாரி திருமேனிநாதர் மூக்கைச் சுளித்தார். "முட்டுக்காலா? அசிங்கம்! என் படிக்கட்டு அந்தரத்தில் நிற்க வேண்டும்."

முட்டுக்கால் போயிற்று. சட்டமும் பாதியாக இளைத்தது. அப்படியே படிக்கட்டும் எழும்பி நின்றது.

"ஐயா, ஒருத்தர் ஏறினாத் தாங்கும். அறுபது பேர் சேர்ந்து தாளம் போட்டு மிதிச்சா விழுந்துடும்" என்று கெஞ்சினார் ஆசாரி.

அந்த வார்த்தை காதில் விழுகிற நேரம் பார்த்து ராஜா அங்கே வந்தாரே! போதாக்குறைக்குத் திருமேனிநாதர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகப் பூனைபோல ஏறி இறங்கிக் காட்டினார். "பார்த்தீர்களா மகாராஜா? ஒரு ஆட்டம் இல்லை!"

"ஆசாரி! நாளைக்கு விஜயதசமி பூசை முடிந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லை தாண்டிவிடு" என்றார் ராஜா.

சபையின் விகடகவி தவசிமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏறிய அதிகாரியின் கை சுவரை விடவே இல்லை என்பதையும் பார்த்தார். நாளைக்கு வரிசையில் மூன்றாவது ஆள் தவசிமுத்துதானே! எச்சரித்தால் ஆசாரியோடு தானும் மூட்டை கட்ட வேண்டும். சும்மா இருந்தால் ராஜாவோடு தானும் விழ வேண்டும். இதென்னடா வம்பு!

மறுநாள் எல்லாரும் படியடியில் கூடினார்கள். தவசிமுத்து கையில் பெரிய மாலையோடும் பட்டு மெத்தையோடும் வந்தார்.

"மகாராஜா, இப்படியொரு படிக்கட்டு அமைத்தவரை மதிக்காமல் நாம் மேலே போகலாமா? மேடைக்கு நேர் அடியில் மெத்தை போட்டு அதிகாரி ஐயாவை உட்கார வைப்போம். தங்கள் பாத தூளி முதலில் அவர் தலையில் விழட்டும்."

"அருமை!" என்றார் ராஜா.

திருமேனிநாதர் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கெதற்கு அவ்வளவு பெரிய மரியாதை?"

"தன்னடக்கத்தைப் பார்த்தீர்களா மகாராஜா!" மாலை கழுத்தில் விழுந்தது.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு. கீழே உட்கார முடியாது."

"அதனால்தான் மெத்தை."

"நல்ல நேரம் பார்த்து..."

"மகாராஜா ஏறுகிற நேரத்தைவிட நல்ல நேரமா? வீட்டம்மாவையும் மைத்துனரையும்கூட அழைக்கட்டுமா?"

இழுத்துப்போய் உட்கார வைத்தாயிற்று. நகரா டமடமவென்று முழங்கியது. ராஜா முதல் படிக்குக் காலைத் தூக்கினார். பின்னால் அறுபது கால்கள் எழும்பின. மேடைக்கு அடியிலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ, காலை வைக்காதீங்க! விழுந்துடும்! விழுந்துடும்!"

மெத்தை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். அதிகாரி முற்றத்துக்கே ஓடிவிட்டார். இடுப்புப் பிடிப்பு எங்கே போயிற்றோ!

தவசிமுத்து காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! நல்ல நாளில் என்ன பேச்சு! ஆசாரியாவது ஒருதடவைதான் சொன்னார், மகாராஜா. இவர் இரண்டுதடவை சொல்லிவிட்டார்!"

தூக்கிய காலை ராஜா மெல்லத் தரையில் வைத்தார். படிக்கட்டைப் பார்த்தார். ஓடிய அதிகாரியைப் பார்த்தார். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. தன் கைக் கடகத்தைக் கழற்றி, ஓரமாக மூட்டையோடு நின்ற அழகருக்குப் போட்டார்.

"ஆசாரி, நீ எங்கும் போக வேண்டாம். உன் கணக்குப்படியே சட்டம் போடு, முட்டுக்கால் நாட்டு. கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஏறுவோம். ஆனால் திருமேனிநாதரே, மரியாதையைத் தட்டக்கூடாது. அன்றைக்கும் அடியில் உட்காரப்போவது நீர்தான்!"

திருமேனிநாதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"உத்தரவு மகாராஜா! முட்டுக்கால் மட்டும் மூணாப் போடச் சொல்லுங்க!"