பவளத்தோட பசைக் கை

ஒரு ஊர்ல ஒரு ஆசாரி. பேரு தவசி. கையில இருக்குற உளியைவிட அவன் வாய்தான் கூர். ஏட்டி, ம் கொட்டு, அப்பத்தான் கதை வரும்.

அவன் பொண்டாட்டி பேரு பவளம். பசை போட்டு மரத்தை ஒட்டுனா, காயுற வரைக்கும் யாராவது அமுக்கிப் பிடிக்கணும்லா? அது பவளம் வேலை. பிடிக்கும்போது கையில பசை ஒட்டும். அந்தக் கையோடயே மரத்தைத் தொடுவா. பசை பட்ட எடத்துல சாயம் ஏறாது, வெள்ளையா நிக்கும். தவசி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். "ஏ மூதேவி, பசைக் கையோட தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லுதது?" அவ "சரி"ம்பா, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல பவளத்துக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணே நாளு, போய்ட்டா. ஆமாட்டி, செத்துப் போய்ட்டா. வீட்ல அவ படம்கூட ஒண்ணு கெடையாது. அவ பிடிச்சு ஒட்டுன சாமான் மூணு மட்டும் சாயம் அடிக்காமப் பட்டறையில கெடந்துச்சு. ஒரு முக்காலி, ஒரு பெட்டி, ஒரு தொட்டில்.

பதினாறு கழிஞ்சு, மொதல்ல முக்காலியை எடுத்தான். சளக் சளக்குனு சாயத்தைப் பூசுனான். பாத்தா, கால் பூராவும் வெள்ளைத் திட்டு. "செத்தும் என் உயிரை வாங்குதாளே"ன்னு கத்திட்டு, உப்புத்தாளை எடுத்து சர்ரு சர்ருனு தேய்ச்சுத் தள்ளிட்டான். கிறுக்கன்.

அப்போ பக்கத்துப் பட்டறை இசக்கி அண்ணாச்சி சொன்னாரு: "ஏ தவசி, சாயத்துக்கு முன்னால ஈரத்துணியால தொடச்சுப் பாருடே. நனைஞ்ச மரம் கறுக்கும். பசை இருந்தா அந்த எடம் மட்டும் வெளுப்பா நிக்கும்."

அப்புறம் பெட்டியைத் தொடச்சான். மூடிமேல வெளுப்புத் தெரிஞ்சுது. சர்ரு சர்ருனு தேய்ச்சான். இன்னும் கொஞ்சம் வெளுப்பு. சர்ரு சர்ரு. கடைசியா ஓரத்துல ஒண்ணு மிச்சம். பாத்தா, அது ஒரு சுண்டுவிரல் அச்சு. நுனி வெளிப்பக்கமாக் கோணல். பவளத்துக்குத்தான் அப்படி இருக்கும். கை நிக்குறதுக்குள்ள உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுத்துருச்சு. மறுபடி நனைச்சான். வெறும் மரம். உள்ளங்கை, நாலு விரலு, எல்லாம் தூளாத் தரையில கெடக்கு.

தூங்கிட்டியா? ம் கொட்டு.

அப்போ, தொட்டில் ஒண்ணுதான் பாக்கி. அதுல அவ கை இருக்கணும், இல்லேன்னா உலகத்துல எங்கயும் இல்ல. உப்புத்தாளைத் தெருவுல எறிஞ்சான். தொட்டிலோட மரக்கம்பி ஒவ்வொண்ணா நனைச்சுப் பாத்தான். எல்லாம் ஒரே கறுப்பு. வெயில்ல சாய்ச்சு வச்சுப் பாத்தான். விரல் நுனியால தடவிப் பாத்தான். வழவழன்னு இருக்கு, ஒண்ணும் தட்டுப்படல.

"எங்கட்டி தொட்ட நீ?"ன்னு கேட்டான்.

ஈரம் காட்டாததைச் சாயம் காட்டிரும்லா? திட்டுத்திட்டா வரணும் தாயேன்னு கும்பிட்டுக்கிட்டே பூசுனான். அப்படிக் கும்பிட்ட ஆசாரி லோகத்துல அவன் ஒருத்தன்தான். சாயம் ஒரே சீரா ஏறுச்சு, தேன் மாதிரி. அப்பத்தான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. தொட்டில் ஒட்டுன அன்னைக்கு அவளை ரொம்ப ஏசிட்டான். அவ கையைக் கழுவிட்டு வந்து, வெந்நியில முக்குன துணியால தொட்டிலை ஒவ்வொரு மூட்டாத் தொடச்சுக்கிட்டே இருந்தா. வெளக்கு வைக்குற வரைக்கும் தொடச்சா.

தொட்டிலுக்குச் சொல்லியிருந்த வீட்டம்மா வந்தா. சுத்திச் சுத்திப் பாத்தா. "ஒரு பொட்டு கறை இல்லையே ஆசாரி! இவ்வளவு சுத்தமா யாரு செஞ்சது?"

"எம் பொண்டாட்டி"ன்னான் தவசி. சொல்லிட்டு, தொட்டிலைக் கட்டிப் பிடிச்சு ஓ...ன்னு அழுதான். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல.

அவ்வளவுதாம்ட்டி, கதை தீந்துச்சு. இதுக்கு மேல கேக்காத. கண்ணை மூடு, தூங்கு.