ஏழு மூட்டு

திண்டுக்கல்லில் பொய்ப்பல் செய்யும் லேப் ஒன்றில் பெனாசிர் வேலை பார்த்தார். வயது முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேசையில், பல் செதுக்கும் அதே கருவிகளை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் உயரப் பொம்மைகளைச் செதுக்கி மாற்றுவார். பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் பெட்டிக்குள் வருமே, மஞ்சள் முகப் பொம்மைகள், அவைதான். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முண்டாசு வைப்பார். வாளை எடுத்துவிட்டுக் குடை கொடுப்பார். அந்தப் பொம்மைகளைச் சேர்க்கும் பெரியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெனாசிரைத் தெரியும்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் இருதயராஜ். வயது ஐம்பத்து மூன்று. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுகிற வேலை. வீட்டில் கண்ணாடி அலமாரியில் நானூறு பொம்மைகள் வைத்திருந்தார்.

முதன்முதலில் மனைவி லீமா ரோஸிடம், "நான் ஃபிகர் சேர்க்கிறேன்" என்று அவர் சொன்னபோது, லீமா ரோஸ் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். பொம்மை என்று தெரிந்த பிறகு சிரித்துவிட்டார். ஆனால் டெப்போவில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. ஒருநாள் இருதயராஜின் பையிலிருந்து ஒரு பொம்மை தரையில் விழுந்தது. "என்னண்ணே, பாப்பா சாமானா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு வாரம் அந்தச் சிரிப்பு ஓடியது. அதிலிருந்து அவர் டெப்போவில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பெனாசிரை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். பெனாசிர் அவரை அண்ணே என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருதயராஜ் ஒரு கண்டக்டர் பொம்மையைக் கொண்டுவந்தார். இரண்டு மாத வேலை. காக்கிச் சட்டையில் தையல் தெரிந்தது. கண்ணில் இமைமுடி இருந்தது. டிக்கெட் கட்டில் நம்பர்கூட இருந்தது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

பெனாசிர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இது?"

"கண்டக்டர், டீச்சர்."

"எந்தக் கண்டக்டர்?"

"காளீஸ்வரின்னு எங்க டெப்போவிலே ஒரு அம்மா. பழனி வண்டி."

"காளீஸ்வரி இதைப் பார்த்தா, தான்தான்னு கண்டுபிடிப்பாங்களா?"

இருதயராஜ் பொம்மையைப் பார்த்தார். போன வருடம் கோயம்புத்தூர்ப் பொம்மைக் கண்காட்சியில் அவருடைய மேசை முன்னால் யாரும் நிற்கவில்லை. அந்த ஞாபகம் வந்தது.

"டீச்சர், ரெண்டு வருஷமா செய்யறேன். கை சுத்தமா வந்திருச்சு. ஆனா உயிர் வரலை. எப்ப வரும்?"

பெனாசிர் பஞ்சைத் தின்னரில் நனைத்தார். கண்டக்டரின் முகத்தைத் துடைத்தார். அப்புறம் சட்டையை. இரண்டு மாத வேலை பஞ்சில் காக்கி நிறமாக ஒட்டிக்கொண்டு வந்தது.

இருதயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் டீச்சரின் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

"அண்ணே, சந்தைக் கூட்டத்திலே உங்க வீட்டம்மாவை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீங்க?"

"தூரத்திலேயே தெரியுமே."

"முகம் தெரியுமா?"

அவர் யோசித்தார். "இல்லை. முகம் கிட்ட வந்தப்புறம்தான்."

பெனாசிர் துடைத்த பொம்மையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"கழுத்து ஒண்ணு. தோள் ரெண்டு. மணிக்கட்டு ரெண்டு. இடுப்பிலே கால் சேர்ற இடம் ரெண்டு. மொத்தம் ஏழு மூட்டு. ஆறு மாசத்துக்குத் தூரிகையைத் தொடாதீங்க. இந்த ஏழு இடத்தைத் திருப்பியே ஆள் யாருன்னு சொல்லுங்க."

"உங்ககிட்டே கொண்டுவந்து காட்டவா?"

"எனக்குக் காளீஸ்வரியைத் தெரியாதே. தெரிஞ்சவங்ககிட்டே காட்டுங்க."

இருதயராஜ் வெள்ளை உடம்புப் பொம்மைகளாக வாங்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். இரண்டு புள்ளி, ஒரு கோடு.

முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. கையைத் தூக்கினால் கையைத் தூக்கிய பொம்மையாகத்தான் இருந்தது. மேசையில் உட்கார்ந்து பயனில்லை என்று தோன்றியது. பேருந்து நிலையத்தில் வண்டிகளைப் பார்ப்பதோடு ஆட்களையும் பார்க்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருடம் அங்கே இருந்தும், டிரைவர் வெள்ளைச்சாமி வண்டியை விட்டு இறங்கிய பிறகும் கையை ஸ்டியரிங் உயரத்திலேயே வைத்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கண்டார்.

மூன்றாவது மாதம் ஒரு பொம்மையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். லீமா ரோஸ் ரசத்தோடு வந்தார். பொம்மையைப் பார்த்தார்.

"ஏங்க, நம்ம வீட்டு ஓனர் எதுக்கு இங்கே நிக்கிறாரு? குழாயை மூடச் சொல்ல வந்தாரா?"

இருதயராஜ் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். மாடிப்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார். உட்கார முடியவில்லை.

"இதை டெப்போவிலே காட்டுங்களேன்" என்றார் லீமா ரோஸ்.

"அது மட்டும் வேண்டாம்."

கண்காட்சி வந்தது. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். பக்கத்து மேசைகளில் தங்க முலாம் பூசிய வீரர்கள், விளக்கு எரியும் விண்வெளி ஆட்கள், சிறகு முளைத்த குதிரைக்காரர்கள். இருதயராஜ் தன் மேசையில் ஒரு பேருந்து நிலையத்தைக் கட்டினார். அதில் முப்பத்தெட்டுப் பேரை நிறுத்தினார். எல்லாரும் வெள்ளை. எல்லாருக்கும் ஒரே முகம்.

ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து பார்த்தார். "பெயின்ட் அடிக்க நேரம் கிடைக்கலையா சார்?"

"இவ்வளவுதாங்க."

"ஓ" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பெனாசிர் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருதயராஜ் அவரைப் பார்த்தார்.

பதினோரு மணிக்கு மண்டப வாசலில் சத்தம் கேட்டது. இருதயராஜுக்குப் பழகிய சத்தம். நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைச்சாமி வந்தார். காளீஸ்வரி வந்தார். மெக்கானிக் இரண்டு பேர் வந்தார்கள். கிளை மேலாளர் தணிகைவேலோடு இன்னும் நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் லீமா ரோஸ் வழிகாட்டிக்கொண்டு வந்தார்.

"நான்தான் போன் பண்ணேன்" என்றார் லீமா ரோஸ். "கோவிச்சுக்காதீங்க."

ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இருதயராஜ் மேசை விரிப்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது யாராவது 'பாப்பா சாமான்' என்பார்கள் என்று காத்திருந்தார்.

வெள்ளைச்சாமி குனிந்தார். ஒரு பொம்மையை உற்றுப் பார்த்தார். இடது கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது. வலது கை வயிற்றோடு ஒட்டி, மணிக்கட்டு உள்ளே திரும்பி, இல்லாத ஒரு பையை அணைத்திருந்தது. ஒரு கால் கொஞ்சம் முன்னே.

"ஏய் காளீஸ்வரி, இது நீ!"

"நானா? நான் எங்கே இப்படி நிக்கிறேன்?" என்றார் காளீஸ்வரி. சொல்லும்போது அவருடைய வலது கை பையை அணைத்திருந்தது.

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க, இங்கே பாருங்க, வெள்ளைச்சாமி அண்ணன்! கையைப் பாருங்க!"

"இது நம்ம மெக்கானிக் பீர்முகமது. எஞ்சினுக்குக் காது கொடுக்கறாரு."

"சார், இது..." என்று ஒருவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இரண்டு கையையும் பின்னால் வைத்து, காலைச் சேர்த்து ஒரு பொம்மை நின்றது. தணிகைவேல் அதைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த தன் கைகளை மெதுவாக முன்னால் கொண்டுவந்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இருதயராஜ், என் வண்டவாளத்தையும் ஏத்திட்டீங்களா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மற்ற மேசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் நகரவில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு பொம்மையைக் காட்டினார். அது வண்டியில் ஏற ஒரு காலைத் தூக்கியிருந்தது. தலை மட்டும் பின்னால் திரும்பியிருந்தது.

"இது எங்கப்பா."

"இல்லைம்மா" என்றார் இருதயராஜ். "இவர் ஒட்டன்சத்திரம் போற பயணி. பேருகூட எனக்குத் தெரியாது."

"எங்கப்பாதாங்க. என்னைப் பார்த்துட்டு ஊருக்குக் கிளம்பும்போது இப்பவும் இப்படித்தான் திரும்புவார்."

அவர் போன் எடுத்து அப்பாவை அழைத்தார். அங்கேயே நின்று பேசினார்.

மத்தியானத்துக்குள் மேசை முன்னால் வரிசை கட்ட வேண்டியதாயிற்று. நடுவர்கள் மூன்று பேர் இரண்டு தரம் வந்தார்கள். முதல் பரிசு என்று மைக்கில் பெயர் சொன்னபோது, டெப்போக்காரர்கள் போட்ட விசிலில் மீதி அறிவிப்பு யாருக்கும் கேட்கவில்லை. அதில் காளீஸ்வரி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்ததுதான் பெரிய விசில். இருதயராஜைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் கனமான ஆள். பாதி தூக்கி இறக்கிவிட்டார்கள்.

கேடயத்தை லீமா ரோஸ் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அப்போது வெள்ளைச்சாமி கேட்டார்: "அண்ணே, முப்பத்தெட்டுப் பேரையும் எண்ணிட்டேன். நீ எங்கே?"

இருதயராஜ் தன் மேசையைப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

"நான் இல்லையே" என்றார்.

பெனாசிர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மேசைக்கடியில் இருந்த டப்பாவிலிருந்து வெள்ளைப் பொம்மை ஒன்றை எடுத்தார். உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்தார். வலது கையை நெற்றிவரை உயர்த்தினார். தலையைச் சிறிது திருப்பினார். பேருந்துகள் நுழையும் வாசலைப் பார்த்தபடி நிறுத்தினார்.

"டைம் கீப்பர்!" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். லீமா ரோஸ் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

இருதயராஜ் அந்தப் பொம்மையைக் குனிந்து பார்த்தார். நெற்றியில் வெளிச்சத்தை மறைத்த கை. எதையோ முன்னால் எட்டிப் பார்க்கிற உடம்பு.

"டீச்சர், இருபத்தாறு வருஷமா நான் இப்படியா நிக்கிறேன்? எனக்கே தெரியாதே."

"எப்படித் தெரியும் அண்ணே?" என்றார் பெனாசிர். "நீங்க அவங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."