உறுமல் குகையும் ஒரு போர் புல்லும்

ஒரு காட்டில் ராஜா செத்துப்போன பிறகும் ராஜாவுக்கு இரை போய்க்கொண்டே இருந்தது. அதுதான் அங்கே நடந்த கோளாறு.

பிள்ளைகளே, அது பனிமலையின் அடிவாரத்துக் காடு. பன்னிரண்டு தலைமுறையாகப் பனிச்சிறுத்தைகள்தான் அங்கே ராஜா. மலைச்சரிவில் ஒரு குகை. முன்னறையில் கல் ஆசனம். அதன் பின்னால் இருட்டுப் பள்ளமாக உள்ளறை. ராஜாவைத் தவிர வேறு யாரும் உள்ளறையை எட்டிப் பார்க்கக் கூடாது. குகை உறுமினால் ராஜாவுக்குப் பசி. முறை வந்த வீட்டார் ஒரு குட்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இதுதான் வழக்கம்.

கடைசி ராஜா கிழவர். வாரிசு இல்லை. ஒரு நாள் உள்ளறைக்குப் போனவர் வெளியே வரவில்லை. ஏழாம் நாள் வாடை வந்தது. சரி, செத்துவிட்டார்.

"இனி ராஜாவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தலைவர். ஆளுக்கொரு கூழாங்கல் போட்டுத் தேர்ந்தெடுப்போம்" என்று விலங்குகள் கூடிப் பேசின.

முதல் தலைவர் கவரிமா. புல் தின்பவர். ஒரு மயிர் உதிர்ந்தாலும் மானம் போயிற்றென்று நினைப்பவர்.

"இனிமேல் இரை கிடையாது!" என்றார். காடே குதித்தது.

"தலைவர் எங்கே உட்காருவார்?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. பொடிச்சி. வாலில்லாத குழிமுயல், ஒரு கைப்பிடிதான் இருப்பாள். பாறை இடுக்கில் வீடு. கோடை முழுவதும் புல்லைக் கடித்துக் காயவைத்துப் போர் போடுவாள். குளிர்காலம் முழுவதும் அதைத் தின்று உயிர் பிழைப்பாள்.

"இதென்ன கேள்வி, பொடி? குகையில்தான்!" என்றார் கரடியார். "தலைவர் வெட்டவெளியில் உட்கார்ந்தால் பக்கத்துக் காட்டுக்காரன் சிரிக்கமாட்டானா?"

கவரிமா குகைக்குள் போய் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

குளிர்காலத்து முதல் காற்று அடித்தது. குகை உறுமியது.

கவரிமா வாசலுக்கு வந்தார். கண் இரண்டும் கல்லாகியிருந்தன.

"முறை யாருடையது?" என்று கேட்டார்.

"ராஜாதான் செத்துவிட்டாரே, ஐயா?"

"என் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறார். நீ வந்து உட்கார்ந்து பார்."

யாரும் போய் உட்காரவில்லை. கஸ்தூரி மான் தன் குட்டியைப் பள்ளத்தில் இறக்கினாள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

மறு வருடம் கரடியார். "புல் தின்பவனுக்கு நெஞ்சுரம் ஏது? எனக்குப் போடுங்கள் கல்லை" என்று மார்தட்டித்தான் ஏறினார். காற்று அடித்தது. குகை உறுமியது. வாசலுக்கு வந்தார்.

"முறை யாருடையது?"

அதே கண். அதே குரல். மலையாட்டின் குட்டி போயிற்று.

மூன்றாம் வருடம் எல்லாக் கல்லும் கஸ்தூரி மானுக்கே விழுந்தன. குட்டியைக் கொடுத்தவள், இன்னொருத்தியிடம் குட்டியைக் கேட்பாளா?

கேட்டாள்.

"பொடிச்சி, உன் முறை. மாலைக்குள் கொண்டு வா."

பொடிச்சிக்கு இருந்தது ஒரே குட்டி. மற்றவற்றைக் கோடையிலேயே பருந்து தூக்கிப் போயிருந்தது.

"அக்கா, நீயுமா? வலி தெரிந்தவள் இல்லையா நீ?"

"தெரிந்ததால்தான் கேட்கிறேன். உன் குட்டி போகவேண்டாம் என்றால், என்னுடையது எதற்காகப் போனது?"

பொடிச்சி இடுக்குக்குத் திரும்பினாள். குட்டி அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கியது. அவளால் தூங்கவா முடியும்? யோசித்தாள். ராஜாவை ஒரு முறை அருகில் பார்த்திருக்கிறாள். அவர் உறுமவே இல்லை. பூனை மாதிரி மூக்கால் 'ஃபுர்ர்' என்றார், அவ்வளவுதான்.

அப்படியானால் உறுமுவது யார்?

பாறை இடுக்குகள் அவளுக்கு அத்துப்படி. மேற்குச் சரிவில் ஒரு பிளவு. அதற்குள் நுழைந்தாள். காற்று பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. போகப் போக உறுமல் பெரிதாயிற்று. முன்னால் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. உறுமல் அவளைச் சுற்றி இருந்தது. காலுக்குக் கீழே கல் அதிர்ந்தது. காற்று பிளவில் நுழைந்து உறுமிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

பிளவு முடிந்த இடம் உள்ளறை.

முதலில் ராஜா தெரிந்தார். எலும்பு. கொஞ்சம் ரோமம். அவருக்கு எதிரே, கோடையிலும் பனி உருகாத மூலையில் இரண்டு குட்டிகள். பிந்தி வந்தது முந்தி வந்ததை ஒட்டியபடி உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. உடம்பில் ஒரு பல்கூடப் படவில்லை. மேலே உறைபனி. பள்ளத்தின் சுவரில் குளம்பு கீறிய கோடுகள், எட்டிய உயரம் வரைக்கும்.

பொடிச்சி அழவில்லை. நேரம் இல்லை. வந்த வழியே ஓடினாள்.

தன் போரிலிருந்து ஒரு வாய் புல்லைக் கவ்வி வந்து பிளவில் அடைத்தாள். இன்னொரு வாய். இன்னொரு வாய். காற்று பாதியைப் பிடுங்கி எறிந்தது. மறுபடி அடைத்தாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது போர் இருந்த இடத்தில் வெறும் தரைதான் மிச்சம். குளிர்காலமோ அப்போதுதான் தொடங்கியிருந்தது.

உறுமல் முனகலாயிற்று. கடைசி வாய்ப் புல்லோடு பிளவுக்குள் நுழைந்து, உள்ளறைப் பக்கமிருந்து அடைத்தாள். அதுவும் நின்றது.

குகை வாசலில் கூடியிருந்த விலங்குகள் நடுங்கிப்போயின.

"சத்தமே காணோமே!" என்றார் கவரிமா.

"கோபம்! ராஜாவுக்குக் கோபம்!" என்றார் கரடியார். "அந்தப் பொடி எங்கே? இன்னொரு குட்டியும் சேர்த்துக் கேட்கப்போகிறார்!"

அப்போது உள்ளறையிலிருந்து நகம் கீறும் ஓசை வந்தது. ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. கரடியார்தான் முதலில் ஓடினார். கஸ்தூரி மானால் ஆசனத்தைவிட்டு எழ முடியவில்லை.

இருட்டிலிருந்து பொடிச்சி வந்தாள். மீசையெல்லாம் பனி.

"உள்ளே யாரும் இல்லை" என்றாள். "எலும்பு இருக்கிறது. உறுமியது காற்று. புல்லை வைத்து அடைத்துவிட்டேன். குட்டிகளை யாரும் தின்னவில்லை, அக்கா."

"தின்னவில்லையா?"

"குளிரில் போயிருக்கிறார்கள். கத்தித்தான் இருப்பார்கள். அந்த உறுமலில் நமக்குக் கேட்கவில்லை."

"எத்தனை நாள்?" என்று கேட்டாள் கஸ்தூரி மான்.

பொடிச்சி விலகி வழிவிட்டாள்.

கஸ்தூரி மான் ஆசனத்திலிருந்து இறங்கினாள். உள்ளறை விளிம்புக்குப் போனாள். அந்தக் காட்டில் முதல் முறையாக ஒரு தாய் எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து குகை வாசலில் கல்லை உருட்டி மூடினார்கள். தலைவி வெட்டவெளியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் காட்டுக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

பொடிச்சியின் இடுக்கில் தினமும் ஒரு வாய் புல் கிடந்தது. வைத்தவள் கஸ்தூரி மான். கரடியாரும் வைத்தார், பாவம், அவருக்குப் புல்லுக்கும் முள்ளுக்கும் வித்தியாசம் தெரியாது.

இன்றைக்கும் அந்தக் காட்டில் தலைவர்களை வரிசையாகச் சொல்வார்கள்: பன்னிரண்டு சிறுத்தைகள், பிறகு கவரிமா, பிறகு கரடியார், பிறகு கஸ்தூரி மான். சிறுத்தைகள் அந்த உறுமலால் வாழ்ந்தவர்கள்; மற்றவர்கள் அதற்குக் கீழ்ப்படிந்தவர்கள். அதை நிறுத்தியவளின் பெயர் அந்த வரிசையில் இல்லை. அவள் பெயர் பொடிச்சி.

நீதி: பயம் உட்கார்ந்த ஆசனத்தில் யாரை ஏற்றினாலும், ஆளப்போவது பயம்தான்.