சாயம் போன வழி

“எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாதாம்!” என்று ஊர் அதிகாரியான உடையாரின் சாணி வண்டிக்காரன் யாரிடமோ சொல்லிப்போனது, துணிக்குச் சாயம் தோய்க்கும் தையல்முத்துவின் காதில் விழுந்தது. தெருக்கிணறு ஏன் நாறுகிறதென்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. நேரே உடையாரிடம் போனாள்.

“ஐயா, உங்கட தோட்டத்துச் சுண்ணாம்புக்கல் பள்ளம் புனல் மாதிரி. அடியில ஓட்டை. நீங்கள் கொட்டுவிக்கிற சாணித்தண்ணி அதுக்குள்ளால எங்கட கிணத்துக்கு வருது.”

உடையார் வயிறு குலுங்கச் சிரித்தார். “நிலத்துக்குக் கீழ போறதை நீ கண்டனியோ? போற இடத்தை என்ர கண்ணுக்குக் காட்டு, நிப்பாட்டுறன். இல்லாட்டி வாயை மூடு!”

“அப்ப பள்ளத்தில நானும் கொஞ்சம் ஊத்தலாமோ, ஐயா?”

“கடலையே கொண்டுவந்து ஊத்து!”

அன்று பெருமழை. தையல்முத்து சிவப்புச் சாயப்பானைகளை எல்லாம் பள்ளத்தில் கவிழ்த்தாள்.

மறுநாள் விடிகாலை மங்கலில் தன் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குளித்த உடையார், வெளிச்சம் வந்ததும் அலறியடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். தலைமுதல் வேட்டிவரை சிவப்பு.

“ஆரடி என்ர கிணத்தில சாயம் கலந்தது?”

“உங்கட கிணத்தடிக்கு நான் வரேல்லை, ஐயா. பள்ளத்திலதான் ஊத்தினனான். எங்கட கிணறும் சிவப்புத்தான். இண்டைக்கு நிறத்தோட வந்தபடியால் கண்டியள். நேற்றுவரைக்கும் நிறமில்லாமல் வந்ததைக் குடிச்சியள்.”

உடையார் அந்த வேட்டியோடேயே ஓடிப்போய், பள்ளத்தின் விளிம்பில் நின்ற சாணி வண்டியின் மாட்டைத் தானே கயிற்றில் பிடித்துத் திருப்பினார்.