நீலியேந்தலுக்குப் போன நெல்

செவலூர்ப் பாளையக்காரருக்காகத் அவர் ஊர்களையெல்லாம் குறித்துத் துணியில் நாட்டுப்படம் எழுதி முடிக்கிற நேரம் பார்த்து, சிலம்பாயியின் கைபட்டு நீலச் சாயக் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. படத்தைக் கெடுத்தவளை அரண்மனை சும்மா விடுமா? பயத்தில் அவள் கறையைக் கண்மாயாக்கி, கரையில் நாலு குடிசை வரைந்து, நீலியேந்தல் என்று பேரும் எழுதிவிட்டாள்.

படம் சபையில் தொங்கியது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. "படத்தில் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும் நீரே நேரில் போய் நெல் கொடுத்துவிட்டு வாரும்" என்று படைத்தலைவரான தளவாய்க்கு உத்தரவானது. ஊரைக் காணோம் என்று அவர் திரும்பி வந்தால் தன் கதி என்ன? சிலம்பாயிக்குச் சோறு இறங்கவில்லை.

தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். "எல்லா ஊருக்கும் கொடுத்தாச்சு, மகாராஜா!"

பாளையக்காரர் படத்தில் விரலை வைத்தார். "நீலியேந்தலுக்குமா?"

மூலையில் நின்ற சிலம்பாயி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அந்த ஊர்ச் சனம் என் காலைக் கட்டிக்கிட்டு அழுததே!" என்றார் தளவாய்.

அதே படத்தில் இருந்த சிலம்பாயி பிறந்த ஊருக்கு ஒரு மணி நெல்கூட வந்திருக்கவில்லை. அவள் ஓடிவந்து பாளையக்காரர் காலில் விழுந்தாள்.

"மகாராஜா, என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னாடி தளவாய் ஐயா என்னை அந்த ஊருக்கு ஒருதரம் கூட்டிப் போகட்டும். என் சாயக் கிண்ணம் கவிழ்ந்த கறையில சனம் குடியேறினதை நானும் கண்ணால பார்க்கணும்."

தளவாயின் கை மீசையிலிருந்து தானாக இறங்கியது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக் குதிர்களிலிருந்து நெல் வண்டிகள் கிளம்பின. நீலியேந்தலைத் தவிர எல்லா ஊருக்கும்.