பெண்கள் தொடாத எஞ்சின்

கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணும் சேரவில்லை.

கடலோரப் பெண்கள் பள்ளி அது. திங்கட்கிழமைக்குள் ஒருத்தியாவது சேராவிட்டால் பதினொன்றாம் வகுப்பில் அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பள்ளியிலிருந்து எவளும் இன்ஜினியரிங் பக்கம் தலைகாட்ட முடியாது.

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் கதிரவன் அங்கே போய் மணிக்கணக்காகப் பேசினான். படம் காட்டினான். கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தன் பழைய பேராசிரியர் தேவசகாயத்திடம் வந்து புலம்பினான்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஆர்வமே இல்ல சார்."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"நீ என்ன கேட்ட?"

"நான் பேசத்தானே போனேன்."

பேராசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கரையில் மச்சாது என்ற மீனவரின் வள்ளத்து எஞ்சின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. ஓடும், சற்று நேரத்தில் நின்றுவிடும். அதைப் பள்ளிக்கூடத்து முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர். பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை, எஞ்சினைத் தொடுவதில்லை, அதுதான் வழக்கம் என்றார் மச்சாது. வள்ளம் கடலில்தானே கிடக்கிறது, எஞ்சினை மட்டும் கொண்டுவா என்றார் இவர்.

தண்ணீர் டிரம்மில் எஞ்சினை மாட்டினார்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய் டேங்க். மாணவிகள் கைகட்டி நின்றார்கள்; தலைமையாசிரியையும் மச்சாதுவும் ஓரமாக.

கதிரவன் கயிற்றை இழுத்தான். ஓடியது. நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஓடியது. நின்றது.

"படத்துல நல்லா ஓடுச்சே சார்" என்றாள் ஒருத்தி.

பேராசிரியர் அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, பெண்கள் பக்கமாகத் தரையில் வைத்தார். போய் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அசையவில்லை.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தி வந்தாள். ஸ்பேனரை எடுக்கவில்லை. டேங்கைச் சுற்றி வந்தாள்.

"எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா விக்கி விக்கித்தான் வரும். இன்னொரு ஓட்ட வேணும்லா. இதுக்குள்ள காத்து எப்படிப் போவும்?"

கதிரவன் வாயைத் திறந்தான். பேராசிரியர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு, உப்பேறி இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

கயிற்றை அவளே இழுத்தாள்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு, கணக்குப் பிரிவு எடுக்கிறேன் என்றாள் தலைமையாசிரியையிடம். தலைமையாசிரியை மச்சாதுவைப் பார்த்தார்.

எஞ்சின் சத்தத்துக்கு மேல் மச்சாது கத்தினார்.

"எழுதுங்க டீச்சர். எம் மவதான். பெனிட்டா மச்சாது."